மல்டிகேம் எடிட்டில் ஸ்டெபிலைசரும் எஃபெக்டும் மக்கர் செய்தால்

மூன்று நான்கு கேமராவில் எடுத்த நிகழ்ச்சியை எடிட் செய்கிறவர்கள் கொண்டுவரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டெபிலைசர் (படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் எஃபெக்ட்) கெட்டுவிட்டது, எஃபெக்ட் தப்பாக வருகிறது என்று சொல்வார்கள். திறந்து பார்த்தால் எஃபெக்டில் கோளாறே இருக்காது. அதைப் போட்ட இடம் தப்பாக இருக்கும், அல்லது கட் முடிவதற்கு முன்பே போட்டிருப்பார்கள்.

மெனுப் பெயர்களை பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இன்னொரு மென்பொருளான டாவின்சி ரிசால்வில் வேறாக இருந்தால் அங்கங்கே சொல்லிவிடுகிறேன். உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் வருகிறதோ நேரே அங்கே போய்விடலாம். அதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, எதைத் தொடுவதானாலும் முதலில் சீக்வென்ஸுக்கு (கிளிப்களை அடுக்கிய டைம்லைன்) ஒரு நகல் எடுத்து வையுங்கள். இரண்டாவது, அந்த ஆட்டமான ஷாட் உண்மையிலேயே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு கேமரா ஆடாமல் இருக்கும்போது, அந்த ஆங்கிளுக்கு மாறிவிடுவதைவிட மலிவான ஸ்டெபிலைசர் கிடையாது.

சிவப்புப் பட்டை வருகிறது, ஸ்டெபிலைசர் ஓட மறுக்கிறது

பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இரண்டில் ஒன்றாக இருக்கும்.

கிளிப்பின் அளவும் சீக்வென்ஸின் அளவும் பொருந்தவில்லை என்றால், உதாரணமாக 3840x2160 (4கே) கிளிப்பை 1920x1080 டைம்லைனில் போட்டிருப்பீர்கள். நெஸ்ட் செய்யச் சொல்லி, அதாவது கிளிப்பை இன்னொரு சீக்வென்ஸுக்குள் அடக்கச் சொல்லி, பட்டையே வழிகாட்டும். அதன்படி செய்தால் ஓடும், ஆனால் அதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. வலது கிளிக்கில் நெஸ்ட் கொடுத்தால் உள்ளே உருவாகும் சீக்வென்ஸ், வெளியே உள்ளதன் அளவையே எடுத்துக்கொள்ளும். 4கே படம் அங்கேயே 1080 ஆகச் சுருங்கிவிடும். அதன் மேல் ஸ்டெபிலைசர் போட்டால், ஓரம் மறைக்க அது படத்தைப் பெரிதாக்கும்போது சுருங்கிப்போன படத்தைத்தான் இழுக்கிறது. கையில் இருந்த 4கே வீணாகிறது.

சரியான வழி இது. நெஸ்ட் செய்தபின் அதைத் திறந்து, சீக்வென்ஸ் செட்டிங்ஸில் அளவை 3840x2160 ஆக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் கிளிப்பின் மோஷனை ரீசெட் செய்து ஸ்கேலை 100க்குக் கொண்டுவாருங்கள். வார்ப் ஸ்டெபிலைசரை (பிரீமியரின் ஸ்டெபிலைசர்) அந்தக் கிளிப் மேலேயே போடுங்கள். இப்போது அளவு பொருந்துவதால் பட்டை வராது. வெளியே வந்து நெஸ்டின் ஸ்கேலை 50 ஆக்குங்கள். ஸ்டெபிலைசர் உள்ளே 115 சதவீதத்துக்குப் பெரிதாக்கினாலும், வெளியே பாதியாகச் சுருங்கும்போது அது 57.5 சதவீதம்தான். கூர்மை போகாது.

வேகமும் ஸ்டெபிலைசரும் ஒரே கிளிப்பில் சேராது என்று வந்தால், ஸ்லோமோஷன் கொடுத்த கிளிப்பில் போட்டிருக்கிறீர்கள். வேகத்தை 100க்குத் திருப்பி, ஸ்டெபிலைஸ் செய்து, நெஸ்ட் செய்து, அந்த நெஸ்டுக்கு வேகம் கொடுங்கள்.

பகுப்பாய்வு முடிவதே இல்லை

ஸ்டெபிலைசர் முதலில் ஒவ்வொரு ஃபிரேமாகப் படத்தின் அசைவைப் பகுப்பாய்வு செய்யும். எஃபெக்டை மல்டிகேம் சீக்வென்ஸுக்கு (எல்லாக் கேமராவின் கிளிப்பையும் பொருத்தி வைத்த சீக்வென்ஸ்) உள்ளே போய் முழு கேமரா கிளிப் மேல் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் ஒரு மணி நேரம் என்றால் 90,000 ஃபிரேம். நீங்கள் அந்தக் கேமராவிலிருந்து எடுத்துக்கொண்டது 6 விநாடி துண்டு என்றால் அது 150 ஃபிரேம். அந்த 150க்காக மென்பொருளை 90,000 ஃபிரேம் பார்க்க வைக்கிறோம். அதை நிறுத்தி, எஃபெக்டை நீக்கிவிட்டு, வெளியே கட் செய்த துண்டில் போடுங்கள்.

துண்டில் போட்டும் நகரவில்லை என்றால், டீட்டெய்ல்ட் அனாலிசிஸ் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மூலக் கோப்பின் கோடெக்கை (படத்தைச் சுருக்கிப் பதிந்த முறை) சந்தேகப்படலாம். அந்தத் துண்டை மட்டும் எடிட்டுக்கு ஏற்ற புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் கோடெக்குக்கு மாற்றிப் பாருங்கள். எச்.265 கோப்புகளில் இது பல தடவை கைகொடுக்கும்.

ஆங்கிளை மாற்றியதும் எஃபெக்ட் தப்பான கேமரா மேல் வருகிறது, அல்லது படம் தாறுமாறாக ஆடுகிறது

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். நடப்பது இது: பிரீமியரில் மல்டிகேம் துண்டின் மேல் போடும் எஃபெக்ட் அந்தத் துண்டுக்குச் சொந்தம், உள்ளே தெரியும் கேமராவுக்கு அல்ல. இரண்டாம் கேமராவுக்கு என்று நிறம் சரிசெய்துவிட்டு, பிறகு அதே துண்டை மூன்றாம் ஆங்கிளுக்கு மாற்றினால், அந்த நிறத் திருத்தம் மூன்றாம் கேமரா மேல் அப்படியே உட்காரும். நிறமாவது பரவாயில்லை. ஸ்டெபிலைசர் என்றால், கையில் பிடித்த கேமராவின் ஆட்டத்துக்காக எடுத்த கணக்கு, ஸ்டாண்டில் அசையாமல் நின்ற கேமரா மேல் பாய்கிறது. அசையாத படம் தலைகீழ் ஆட்டம் ஆடும்.

உடனடி வைத்தியம்: எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் அனலைஸ் பட்டனை மறுபடி அழுத்துங்கள். கேமரா ஸ்டாண்டில் இருந்ததுதான் என்றால் எஃபெக்டையே நீக்கிவிடுங்கள்.

மறுபடி வராமல் இருக்க, எந்த எஃபெக்ட் எங்கே போக வேண்டும் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு கேமராவுக்கு முழுக்க வேண்டிய திருத்தம், அதாவது வெள்ளைச் சமநிலை, எக்ஸ்போஷர், லாக் படத்துக்கான (நிறமும் ஒளி வேறுபாடும் தட்டையாகப் பதிந்த படம்) லட் (நிறத்தை மாற்றும் அட்டவணை) போன்றவை, மல்டிகேம் சீக்வென்ஸுக்கு உள்ளே அந்தக் கேமராவின் டிராக்கில் போக வேண்டும். டைம்லைனில் உள்ள துண்டை கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே போகலாம்; மேக்கில் கமாண்ட். அங்கே ஒரு முறை போட்டால் அந்தக் கேமரா வரும் இடமெல்லாம் கூடவே வரும். மங்கலாக்குவது, டிரான்சிஷன் மாதிரி அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேண்டியவை வெளியே துண்டின் மேல் இருக்கட்டும். எல்லாக் கேமராவுக்கும் பொதுவான கடைசி மெருகு அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் (கீழே உள்ள எல்லாக் கிளிப்புக்கும் எஃபெக்டைத் தரும் வெற்று லேயர்) போகலாம்.

ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்கும் கடைசி. கட் முடிந்து, படம் பார்க்க வேண்டியவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு, வேண்டிய துண்டுகளைத் தேர்ந்து மல்டி கேமரா மெனுவில் ஃபிளாட்டன் கொடுங்கள். துண்டு சாதாரணக் கிளிப்பாக மாறிவிடும், அதற்கப்புறம் ஆங்கிள் மாறும் வழியே இல்லை. பிறகு ஸ்டெபிலைசர். ரிசால்விலும் வலது கிளிக்கில் ஃபிளாட்டன் மல்டிகேம் கிளிப் இருக்கிறது. ஃபிளாட்டன் செய்ததைத் திரும்ப மல்டிகேம் ஆக்க முடியாது என்பதால்தான் மேலே நகல் எடுக்கச் சொன்னேன்.

சுவரும் தரையும் ஜெல்லி போல் நெளிகிறது

சுலபமானதிலிருந்து தொடங்குவோம். வார்ப் ஸ்டெபிலைசர் இயல்பாக சப்ஸ்பேஸ் வார்ப் முறையில், ஸ்மூத்னெஸ் 50 சதவீதத்தில் வரும். படத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக வளைத்துச் சரிசெய்யும் முறை அது. கூட்டம் நகரும் காட்சியில் அது தேவையில்லாத வேலை. மெத்தடை பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன் என்று மாற்றுங்கள். ஸ்மூத்னெஸை 10 அல்லது 15க்கு இறக்குங்கள். நெளிவு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். ரிசால்வில் பர்ஸ்பெக்டிவிலிருந்து சிமிலாரிட்டிக்கு மாறுங்கள், அதற்கும் நெளிந்தால் டிரான்ஸ்லேஷன். மெத்தட் மாற்றுவதற்கும் ஸ்மூத்னெஸ் மாற்றுவதற்கும் பிரீமியரில் மறுபடி பகுப்பாய்வு வேண்டாம், நாலைந்து மாதிரி மாற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

நிற்கவில்லையா? சட்டகத்தில் என்ன நகர்கிறது என்று பாருங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரையில் படம் ஓடுகிறது, முன்னால் ஒருவர் குறுக்கே நடக்கிறார், விளக்கு சுழல்கிறது என்றால், மென்பொருள் அந்த அசைவைத்தான் கேமராவின் அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. துண்டை அந்த ஆள் குறுக்கே வரும் இடத்தில் வெட்டி, அந்தப் பகுதிக்கு மட்டும் ஸ்டெபிலைசர் இல்லாமல் விட்டுப் பாருங்கள், அல்லது அந்த நேரம் வேறு ஆங்கிள் போடுங்கள். கட்டாயம் அதே ஷாட்தான் வேண்டும் என்றால், துண்டை ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு அனுப்பலாம். அங்கே உள்ள வார்ப் ஸ்டெபிலைசரில் டிராக் பாயின்ட்களைத் தெரியவைத்து, நடக்கிற ஆள் மேலும் திரை மேலும் ஒட்டியிருக்கும் புள்ளிகளைத் தேர்ந்து அழித்துவிட முடியும். சுவர், தூண், மேஜை மேல் இருப்பவை மட்டும் மிஞ்சினால் போதும். பொறுமை வேண்டிய வேலை. புள்ளிகளை ஒரு ஃபிரேமில் அல்ல, துண்டு முழுக்க ஓட்டிப் பார்த்து அழிக்க வேண்டும்.

அடுத்தது ரோலிங் ஷட்டர், அதாவது சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் சாய்வு. ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு மூலத்தை ஓட்டுங்கள். கேமரா வேகமாகத் திரும்பும்போது தூண்கள் சாய்கின்றன என்றால் நெளிவு படத்திலேயே இருக்கிறது. அட்வான்ஸ்டில் ரோலிங் ஷட்டர் ரிப்பிளை என்ஹான்ஸ்டு ரிடக்‌ஷனுக்கு மாற்றிப் பாருங்கள். ஓரளவு குறையும்.

அகல லென்ஸோடு, கேமராவுக்குள் சென்சார் நகர்ந்து ஆட்டத்தைச் சரிசெய்யும் வகையில் எடுத்த படத்தில் மூலைகள் மட்டும் தனியாக ஆடும். இதை எடிட்டில் முழுசாகப் போக்க முடியாது. சில கோப்ரோ, சோனி மாடல்கள் கேமராவின் ஜைரோ தரவைக் கோப்போடு பதிவு செய்கின்றன. அந்த வகைக் கோப்பு என்றால் ஜைரோஃப்ளோ என்ற இலவச, திறந்த மூல மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அது படத்தைப் பார்த்து ஊகிப்பதில்லை, கேமரா எப்படி அசைந்தது என்ற பதிவை வைத்துத் திருத்துகிறது, அதனால் கூட்டம் நகர்ந்தாலும் ஏமாறாது. கேமராவின் எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் எடுக்கும்போது அணைந்திருந்தால்தான் ஒழுங்காக வரும். ஸ்டாண்டில் வைத்து எடுத்தாலும் எல்லாக் கோப்பிலும் மூலை ஆடுகிறது என்றால், இனி மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம், கேமராவை சர்வீஸுக்குக் கொடுங்கள்.

ஸ்டாண்டில் இருந்த கேமராவின் படம் மிதக்கிறது

ஏன் அதற்கு ஸ்டெபிலைசர் போட்டீர்கள்? பெரும்பாலும் எல்லாத் துண்டையும் மொத்தமாகத் தேர்ந்து பேஸ்ட் செய்ததன் விளைவு. நீக்குங்கள். யாரோ மேடையில் குதித்து ஸ்டாண்ட் லேசாக அதிர்ந்திருந்தால் மட்டும் ரிசல்ட்டை நோ மோஷன் ஆக்குங்கள். ரிசால்வில் கேமரா லாக் (Lock).

ஆட்டம் போய்விட்டது, படம் மங்கிவிட்டது

முதலில் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் ஆட்டோ ஸ்கேலுக்குப் பக்கத்தில் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று பாருங்கள். 1080 டைம்லைனில் 1080 கிளிப்புக்கு 105, 108 வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். 115ஐத் தாண்டினால் பக்கத்து ஆங்கிளுக்குக் கட் ஆகும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும். தனியாகப் பார்த்தால் தெரியாதது, கூர்மையான இன்னொரு கேமராவுக்கு அடுத்து வரும்போது தெரிந்துவிடும். ஸ்மூத்னெஸை இறக்குங்கள். துண்டில் ஒரே ஒரு இடத்தில் பெரிய குலுக்கல் இருந்தால் முழுத் துண்டும் அதற்காகப் பெரிதாக்கப்படும். அந்தக் குலுக்கலுக்கு முன்னும் பின்னும் வெட்டி, நடுவில் வேறு ஆங்கிள் செருகினால் இரண்டு பக்கமும் ஸ்கேல் இறங்கிவிடும்.

ஸ்கேல் குறைவாக இருந்தும் படம் துடிப்பது போல மங்கி மங்கித் தெளிந்தால் அது வேறு நோய். அம்பு விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒரு ஃபிரேம் தெளிவு, அடுத்தது இழுபட்டது, மறுபடி தெளிவு என்று வருகிறதா? எடுக்கும்போதே குலுங்கியதால் அந்த ஃபிரேம்கள் மங்கிப் பதிந்திருக்கின்றன. 25 ஃபிரேமில் 1/50 ஷட்டர் என்றால் ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதி நேரம் ஒளி விழுகிறது, அதற்குள் கை ஆடினால் இழுபடத்தான் செய்யும். ஆட்டம் இருந்தவரை அந்த மங்கல் பொருத்தமாக இருந்தது, ஆட்டத்தை எடுத்ததும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. இதற்குக் கூர்மையாக்கும் எஃபெக்ட் போடாதீர்கள், இன்னும் கேவலமாகும். ஸ்மூத்னெஸை 5 அளவில் வைத்து, கொஞ்சம் ஆட்டத்தை விட்டுவிடுவதுதான் என் வழக்கம். அடுத்த நிகழ்ச்சியில் கையில் பிடிக்கும் கேமராவை மட்டும் 1/100ல் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரே கேமராவின் அடுத்தடுத்த துண்டில் ஃபிரேம் தாவுகிறது

வெட்டிய ஒவ்வொரு துண்டையும் ஸ்டெபிலைசர் தனியாகக் கணக்கிடும். முதல் துண்டுக்கு 104, அடுத்ததற்கு 111 என்று ஸ்கேல் வந்தால் நடுவில் தாவல் தெரியும். நடுவில் இருக்கும் தேவையற்ற வெட்டை நீக்கி ஒரே துண்டாக்கி மறுபடி பகுப்பாய்வு செய்யுங்கள். வெட்டு அவசியம் என்றால் இரண்டிலும் ஃபிரேமிங்கை ஸ்டெபிலைஸ் ஒன்லிக்கு மாற்றி, கறுப்பு ஓரம் மறையும் அளவுக்கு இரண்டுக்கும் ஒரே ஸ்கேலைக் கையால் கொடுங்கள்.

ஒரு கேமரா மட்டும் வெந்துபோன மாதிரி அடர்த்தியாக, அல்லது வெளுத்துத் தெரிகிறது

அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் லட் இருக்கிறதா பாருங்கள். லாகில் எடுத்த கேமராவுக்கு அது சரி, சாதாரண ரெக் 709 நிறத் தரத்தில் எடுத்த கேமரா மேலும் அது விழுந்தால் கறுப்பு கட்டிப்போகும், தோல் ஆரஞ்சாகும். லட்டை லேயரிலிருந்து எடுத்து, மல்டிகேமுக்கு உள்ளே லாக் கேமராவின் டிராக்கில் போடுங்கள்.

வெளுத்துத் தெரிவது ஐபோன் கோப்பு என்றால் அது எச்டிஆரில் (அதிக ஒளி வீச்சில்) பதிவாகியிருக்கும். எக்ஸ்போஷரை இறக்கிச் சமாளிக்காதீர்கள். சீக்வென்ஸில் ஆட்டோ டோன் மேப்பை இயக்குங்கள். அடுத்த முறை போனிலேயே எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

ஒரு கேமராவில் மட்டும் கிடைமட்டப் பட்டைகள் ஓடினால் அது விளக்குக்கும் ஷட்டருக்கும் உள்ள தகராறு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50, 1/100 போன்றவைதான் பொருந்தும். லேசாக இருந்தால் டிஃப்ளிக்கர் எஃபெக்ட் உதவும்; பிரீமியரில் அது தனிப் பிளகின். ரிசால்வில் அது ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. கெட்டியான பட்டை என்றால் அந்த ஆங்கிளைக் கைவிடுங்கள்.

ஸ்டெபிலைஸ் செய்த பிறகு உதடு பொருந்தவில்லை

ஸ்டெபிலைசர் நேரத்தைத் தொடுவதில்லை. விலகல் முன்பே இருந்திருக்கும், இப்போதுதான் கவனிக்கிறீர்கள். தொடக்கத்தில் பொருந்தி, கடைசியில் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து பாருங்கள். மணிக்கு 3.6 விநாடி அளவில் இருந்தால் 29.97 ஃபிரேம் ரேட்டை 30 என்றோ 23.976ஐ 24 என்றோ மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்டர்பிரெட் ஃபூட்டேஜில் சரியான எண்ணைக் கொடுங்கள். மணிக்குச் சில ஃபிரேம் மட்டும் என்றால் தனி ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரம் கேமராவோடு லேசாக மாறுகிறது. பேச்சின் இடைவெளியில் ஒலியை வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்தினால் போதும்.

விலகல் ஒழுங்கில்லாமல், ஒரு இடத்தில் கூடி ஒரு இடத்தில் குறைந்தால் போன் கோப்புதான் காரணம். மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து ஃபிரேம் ரேட் மோடில் வேரியபிள் என்று இருக்கிறதா பாருங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் ஆக மாற்றி, மல்டிகேமுக்கு உள்ளே அந்த டிராக்கில் புதுக் கோப்பை வைத்து மறுபடி பொருத்துங்கள். ஃபிளாட்டன் செய்யாத நகலில் வெளியே போட்ட வெட்டுகள் கெடாது, ஆனால் அந்தக் கேமராவில் ஏற்கெனவே செய்த ஸ்டெபிலைசேஷனை மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

பிளேபேக் திணறுகிறது, புராஜெக்ட் சேவ் ஆக நேரமாகிறது

குளோபல் எஃப்எக்ஸ் மியூட் பட்டனை அழுத்தி ஓட்டுங்கள். சரளமாக ஓடினால் எஃபெக்ட்தான் பாரம். அந்தத் துண்டுகளை ரெண்டர் செய்யுங்கள். அப்போதும் திணறினால் கோப்பும் வட்டும்தான் காரணம். 100 எம்பிபிஎஸ் கேமரா நான்கு என்றால் நொடிக்கு 50 மெகாபைட், அதுவும் நான்கு இடங்களிலிருந்து. சுழலும் ஹார்ட் டிஸ்க் இதில் மூச்சு வாங்கும். ப்ராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் கோப்பு) செய்யுங்கள், அதற்கப்புறம் எஸ்எஸ்டி. புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. ப்ராக்ஸி போட்டதும் அந்த எண்ணமே பலருக்குப் போய்விடுகிறது.

சேவ் ஆக நேரமாவதற்குக் காரணம் வேறு. வார்ப் ஸ்டெபிலைசரின் கணக்கெல்லாம் புராஜெக்ட் கோப்புக்குள்ளேயே சேர்கிறது. அது பல நூறு மெகாபைட்டாக ஊதிவிட்டால், முடிந்த துண்டுகளை ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ் செய்யுங்கள். ஃபிரேம் ரேட் சீக்வென்ஸோடு ஒன்றாக இருக்கட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

மெத்தட், ஸ்மூத்னெஸ், வெட்டு மூன்றையும் மாற்றியும் நெளிவு நிற்காத ஷாட், அதுவும் வேறு ஆங்கிளே இல்லாத முக்கியமான தருணம் என்றால், பிளானர் டிராக்கிங் (தட்டையான ஒரு பரப்பின் அசைவைப் பின்தொடரும் முறை) தெரிந்த விஎஃப்எக்ஸ் ஆளிடம் கொடுங்கள். திறக்காத கார்டு, பாதியில் உடையும் கோப்பு என்றால் நீங்களே பழுதுபார்க்கும் மென்பொருள்களை ஓட்டிப் பார்க்க வேண்டாம். கார்டில் எதுவும் எழுதாமல் தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

விஎஃப்எக்ஸ் ஆளுக்கு அனுப்பும்போது ஸ்டெபிலைஸ் செய்த படத்தை அனுப்பாதீர்கள், ஓரம் வெட்டுப்பட்டு அவருக்கு இடமே இருக்காது. ப்ராக்ஸியும் வேண்டாம். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு, துண்டின் தொடக்க, முடிவு டைம்கோடு, இரண்டு பக்கமும் ஒரு விநாடி கூடுதல், டைம்லைனின் ஃபிரேம் ரேட், அளவு. இவற்றோடு, எந்த மெத்தடில் என்ன வந்தது என்று இரண்டு வரி எழுதி வைத்தால் அவர் அதையே மறுபடி செய்து பார்க்க மாட்டார்.